ஒரு கை குறைந்த சட்டை

என் தங்கைக்குப் பிள்ளை கிடைக்கப்போகிறது என்ற செய்தியை நான் இரண்டாவது ஆளாகத்தான் அறிந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

முதலில் அறிந்தவள் மச்சாள். தங்கையின் புருசனுக்குக் கூடப்பிறந்தவள். தங்கை கனடாவில் இருக்கிறாள். மச்சாளும் நானும் திருகோணமலையில். உவர்மலையில் எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் ஏறினால் தேத்தண்ணி ஆற முன்னம் அவள் வீட்டுக்குப் போய்விடலாம். அன்று அவள் கேற்றைத் திறக்கும்போதே, "அக்கா, விசயம் சொல்லிட்டாவெல்லோ?" என்று முகமெல்லாம் பல்லாகக் கேட்டாள். நான் விட்டுக்கொடுப்பேனா? "ஓம் ஓம், எப்பவோ சொல்லிட்டா" என்று நானும் சிரித்தேன். எந்த விசயம் என்றே எனக்குத் தெரியாது. அவள் கதைத்துக்கொண்டே போக, நான் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கி விளங்கிக்கொண்டேன். கலியாணமாகி எத்தனையோ வருசம் காத்திருந்து வந்த பிள்ளை. வீட்டுக்குத் திரும்பிவந்து குசினிக்குள் நின்று அழுதேன். பாதி சந்தோசம். மற்றப் பாதி என்னவென்று சொல்லத் தேவையில்லை.

அன்று பின்னேரம் தங்கை அழைத்தாள்.

"உங்களுக்குத்தான் முதல் சொல்ல நினைச்சனான் அக்கா. ஆனா ஒரே தலைச்சுத்து, சாப்பிட்டதெல்லாம் சத்தி. அதைக் கேக்கத்தான் மச்சாளுக்கு எடுத்தனான். அவ ரெண்டு பெத்தவதானே. உங்களுக்கு உதுகள் தெரியாதெல்லோ."

தெரியாதுதான். எனக்குப் பிள்ளைகள் இல்லை. ஆனால் அம்மா செத்தபோது சின்னஞ்சிறுசாக இருந்த இவளுக்குப் பேன் பார்த்து, பின்னல் பின்னி, காய்ச்சல் வந்தால் கோப்பிக்குள் கொத்தமல்லி போட்டுக் குடிக்கவைத்து வளர்த்தவளைப் பார்த்துச் சொல்கிறாள், உதுகள் தெரியாதாம். பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் ஏசிவிடுவேன். இரண்டும் வயிற்றுப்பிள்ளைக்காரிக்குக் கூடாது.

இன்னொன்று. மச்சாளும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஒருத்தி போதும் என்பது என் கட்சி. ஆனால் அதை எப்படிச் சொல்வது?

பிள்ளை மார்கழியில் பிறக்கும், அங்கே பனி கொட்டும், கடைச் சட்டை எத்தனை இருந்தாலும் ஊரிலிருந்து கையால் பின்னின சுவெற்றர் ஒன்று வேண்டும் என்று தங்கை சொன்னாள். என் நெஞ்சு நிமிர்ந்தது. ஏனென்றால் எங்கள் வீட்டில் பின்னல் ஊசி என்றால் அது நான்தான். பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில் பழகியது. வருசத்தில் முக்கால்வாசி நாள் வேர்த்துக் கொட்டுகிற இந்த ஊரில் எவருக்கும் தேவையில்லாத அந்தக் கலையை நான் விடாமல் வைத்திருந்தேன். ஆசுப்பத்திரிக் குழந்தைகளுக்குத் தொப்பி, அலுவலகத்தில் யாராவது மலைநாட்டுக் குளிருக்குப் போனால் கழுத்துத் துணி. 'துறைமுகத்தில நிண்டு பனிக்கு உடுப்புப் பின்னுறா' என்று அலுவலகத்தில் பகிடி பண்ணுவார்கள். பண்ணட்டும்.

"அதுக்கென்ன, இண்டைக்கே தொடங்கிறன்" என்றேன்.

"மச்சாள் பின்னித் தாறன் எண்டு சொன்னவ. நீங்களும் பின்னுங்கோவன் அக்கா" என்றாள்.

நானும் பின்னலாமாம்!

மச்சாள் ஆசிரியை. நுவரெலியாவில் பல வருசம் படிப்பித்துவிட்டு இடமாற்றம் எடுத்து ஊருக்கு வந்தவள். பின்னல் பழகியது அங்கேதான். குளிரில் இருந்து பழகினவள். எனக்குக் குளிர் என்றால் வங்கியின் ஏசி மட்டும்தான். அவள் பின்னும்போது ஊசியைப் பார்ப்பதே இல்லை. வாய் ஒரு பக்கம் கதைக்கும், கண் எங்கள் ஊர் வீதிகளில் திரிகிற மான்களைப் பார்க்கும், கை தன்பாட்டில் ஓடும். நான் அப்படி இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னுகிறவள்.

கொஞ்ச நாளில் அவள் தன் வேலையைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முன் கதிரையில் இருந்துகொண்டு அதை வெளியே எடுத்தாள். பச்சை ஊல், நுவரெலியாவில் வாங்கிய கம்பளி நூல், தொட்டால் பூனைக்குட்டி மாதிரி. நான் பார்த்தது அந்த நிறத்தையோ நூலையோ அல்ல. வேலையின் உருவத்தைத்தான்.

எனக்குத் தெரிந்த முறை என்னவென்றால், முதுகு ஒரு துண்டு, முன்பக்கம் இரண்டு துண்டு, கைகள் இரண்டு, எல்லாவற்றையும் தனித்தனியாக அடியிலிருந்து மேலே பின்னிக் கடைசியில் ஊசி நூலால் பொருத்துவது. தோளில் தையல் தடிக்கும். அதை ஒரு குறையாக நான் நினைத்ததே இல்லை. மச்சாள் கழுத்திலிருந்து தொடங்கியிருந்தாள். தையலே கிடையாது. இரண்டு ஊசியை ஒரு வயரால் இணைத்த நீள ஊசியில் கழுத்தும் தோளும் கையும் முதுகும் எல்லாம் ஒன்றாக நின்றன. கழுத்திலிருந்து அக்குள் நோக்கி நான்கு சாய்ந்த கோடுகள் இறங்கின, முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு இரண்டு. ஊசியில் நிற்கிற ஒவ்வொரு சுருக்கையும் கண்ணி என்போம். அந்த நான்கு கோட்டுக்கும் இரண்டு பக்கமும், ஒரு வரி விட்டு ஒரு வரி, புதுக் கண்ணி கூட்டிக்கொண்டே போகவேண்டும். கூட்டக் கூட்டத் தோள் விரியும், கை புடைக்கும், நெஞ்சு அகலும். வெட்டவும் இல்லை, ஒட்டவும் இல்லை. மரத்தில் காய் முற்றுகிற மாதிரி அதுவே வளர்ந்து சட்டையாகிறது.

"இது ராக்லன் அக்கா" என்றாள். "தையல் இல்லாதபடியா பிள்ளைக்கு உறுத்தாது."

வடிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அசிங்கமாக இருந்திருந்தால் வாய் நிறையப் புகழ்ந்திருப்பேன். "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு, கோடைக் கச்சான் காற்று வீசுகிறது, புழுதி வரும் என்று ஜன்னலைச் சாத்தினேன்.

அவள் போனவுடன் என் துண்டுகளைப் பார்த்தேன். பாதி முதுகு பின்னியிருந்தேன். இழுத்துக் கழற்றினேன். நூல் சுருள் சுருளாக மடியில் விழுந்தது. வேலை முடிந்து வந்த என் கணவர், படகு இயந்திரம் திருத்துகிறவர், எண்ணெய்க் கையோடு வாசலில் நின்று பார்த்தார்.

"என்ன, பிழைச்சுப் போச்சோ?"

"இல்லை. ராக்லன் பின்னப்போறன்."

"நீர் ஆருக்குப் பின்னுறீர்? பிள்ளைக்கோ, மச்சாளுக்கோ?"

அவருக்கு அன்று தேத்தண்ணி கொடுக்கச் சற்றுச் சுணங்கிவிட்டது.

மச்சாளிடம் கேட்டுப் பழகுவதா? செத்தாலும் மாட்டேன். கைத்தொலைபேசியில் படம் பார்த்துப் பழகினேன். கண்ணி கூட்டுவதற்கு இத்தனை வழி இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரே கண்ணிக்குள் முன்னாலும் பின்னாலும் ஊசியை விட்டு இரண்டாக்குவது ஒன்று. அது சுலபம், ஆனால் ஒவ்வொரு கூட்டலுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன முடிச்சு விழும். இரண்டு கண்ணிக்கு இடையில் படுத்திருக்கிற நூலைத் தூக்கி முறுக்கிப் பின்னுவது இன்னொன்று. அதில் அடையாளமே தெரியாது. ஆனால் கோட்டுக்கு வலப்பக்கம் ஒரு விதமாகவும் இடப்பக்கம் ஒரு விதமாகவும் முறுக்கவேண்டும். எனக்கு வலம் வந்தால் இடம் வராது. மூன்றாவது வழி, சும்மா நூலை ஊசியின் மேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னுவது. திரும்பி வருகிற வரியில் அந்தச் சுற்றே புதுக் கண்ணியாகும். அது இருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை நிற்கும்.

அந்த ஓட்டைகள்! நான்கு கோட்டின் இரு புறமும் மணி கோர்த்த மாதிரி வரிசையாக இறங்கின. மஞ்சள் நூல். கோடு எங்கே என்று அடையாளம் வைக்கக் கணவரின் வலைநூல் துண்டுகளை வளையமாகக் கட்டி ஊசியில் போட்டிருந்தேன். தோள் விரிய விரிய எனக்குக் கர்வம் தாங்கவில்லை. அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். மின்விசிறிக்குக் கீழே எல்லாரும் சுற்றி நின்று தொட்டுப் பார்த்தார்கள்.

"எவ்வளவு வடிவு! காத்தும் போகும். பிள்ளைக்கு வேர்க்காது" என்றாள் ஒருத்தி.

"ஓம், உந்த மற்றச் சுவெற்றருகள் மூச்சு முட்டப்பண்ணும்" என்றாள் இன்னொருத்தி.

நான் தலையாட்டினேன். கச்சான் நேரத்தில் திருகோணமலையில் நின்று யோசிக்கிறவளுக்குச் சட்டைக்குள் காற்றுப் போகவேண்டும் என்பதைவிட வேறு என்ன நியாயம் தோன்றும்? பனியில் காற்றுக்கு என்ன வேலை என்று எங்கள் ஒருவருக்கும் யோசனை போகவில்லை. மத்தியானம் வங்கிக்குப் போய், ஏசிக்குக் கீழே நின்று, சட்டையைப் பையிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது. காவலாளி ஒரு மாதிரிப் பார்த்தார்.

அக்குள் வரை வந்ததும் கைகளுக்கான கண்ணிகளை வேறு நூலில் கோத்து ஒதுக்கிவிட்டு உடம்பைப் பின்னி முடித்தேன். பிறகு இடக்கை. வலக்கையைத் தொடங்கப் போகும்போது கணவர் சொன்னார்:

"முழுக்க முடிச்சிடாதேயும். பிள்ளை பிறக்க முன்னம் உடுப்பு முடிக்கிறேல்லை."

எனக்கும் தெரியும். எங்களில் பிள்ளை கையில் கிடைக்கு முன்னம் அதற்கென்று புது உடுப்பு ஆயத்தம் பண்ணுவதில்லை. ஆசை மிகுந்தால் செய்யலாம், ஆனால் ஏதாவது ஒன்றைக் குறையாக விடவேண்டும். பொத்தான் தைக்காமல், அல்லது விளிம்பு மடிக்காமல். இத்தனை வருசம் காத்துக் கிடைத்த பிள்ளை. நான் பொத்தானோடு நிற்க விரும்பவில்லை. வலக்கையை முழுதாக விட்டேன். கண்ணிகள் வலைநூலில் கோத்தபடி தோளோரம் தொங்கின.

இதில் எனக்கு ஒரு கள்ள யோசனையும் இருந்தது. அலுவலகத்தில் என் மேலதிகாரி அம்மா ஐப்பசியில் கனடாவுக்கு மகனிடம் போகிறார். அவரிடம் சட்டையைக் கொடுத்துவிடுவது. பிள்ளை பிறந்த பிறகு தங்கை அந்தக் கையைப் பின்னவேண்டும். அவளுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது. சின்ன வயதில் அவள் என் ஊசியைத் தொட்டால் "நீ போய்ப் படி" என்று பறித்துவிடுவேன். அவளுடைய பள்ளிக்கூடக் கைவேலை எல்லாம் நான்தான் செய்துகொடுத்தேன். ஆகவே இப்போது தொலைபேசியில் என் முகத்தைப் பார்த்து, என் விரலைப் பார்த்துத்தான் அவள் பழகவேண்டும். கை பின்னக் கூட்டல் ஒன்றும் இல்லை, மணிக்கட்டு நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் போதும். ஒரு கை முடிய எப்படியும் பல நாள் எடுக்கும். அத்தனை நாளும் அவள் என்னோடு. மச்சாள் தலைச்சுத்துக்கு மருந்து சொல்லட்டும்.

மேலதிகாரி அம்மாவின் வீட்டுக்கு உட்துறைமுக வீதியால் போனேன். உள்ளே போனால், மச்சாள் கதிரையில் இருக்கிறாள். யார் சொன்னது இவளுக்கு? தங்கைதான். இந்த அம்மா போகிறதை நான் அவளிடம் சொல்ல, அவள் இவளுக்கும் சொல்லியிருக்கிறாள்.

மச்சாள் தன் பையிலிருந்து பச்சைச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தாள். நான் மஞ்சளை விரித்தேன். வீட்டுக்கார அம்மா இரண்டையும் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளையள், ரெண்டுக்கும் ஒவ்வொரு கைதானே கிடக்குது?" என்றார்.

மச்சாளும் ஒரு கையை விட்டிருந்தாள். அவளும் வலக்கையைத்தான் விட்டிருந்தாள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க ஏலவில்லை. மச்சாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிள்ளை பிறக்கட்டும் எண்டுதான் விட்டனான். மிச்சத்தை வீடியோவில சொல்லிக் குடுப்பம் எண்டு நினைச்சன் அக்கா. நீங்களுமோ?" என்றாள். நான் சிரிக்கவில்லை. என் கள்ள யோசனையை ஒருத்தி என் கண் முன்னாலேயே எடுத்துப் போட்டுக்கொண்டால் எப்படிச் சிரிப்பது?

பிறகு என் சட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தாள். ஓட்டைகளுக்குள்ளால் அவள் முகம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"உங்கட கைவேலை நல்ல சீர் அக்கா. நானெல்லாம் இவ்வளவு ஒழுங்காப் பின்ன மாட்டன். ஆனா அங்க குளிரெல்லோ. திரும்பி வாற வரியில அந்தச் சுத்தை முறுக்கிப் பின்னியிருந்தா ஓட்டை மூடியிருக்கும். நானும் நூலைச் சுத்தித்தான் கூட்டினனான், பாருங்கோ."

பார்த்தேன். ஒரே சுற்று. அவள் திரும்பி வரும்போது முறுக்கியிருக்கிறாள், நான் முறுக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அவளுடைய கோடு மூடி, தட்டையாக, சட்டையோடு சட்டையாகக் கிடந்தது.

"தெரியும். வேணுமெண்டுதான் விட்டனான்" என்றேன்.

மார்கழியில் பெண்பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம். இந்த முறை இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் செய்தி வந்தது, வாட்ஸ்அப் குழுவில் படமாக. அதற்காக நான் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தேன், செய்தி முதலில் மச்சாளுக்குப் போகவில்லை என்பதற்கும் சேர்த்து.

பிறகுதான் என் கணக்கெல்லாம் பிழைத்தது. பிள்ளையை நித்திரையாக்கிவிட்டுத் தங்கை ஓய்வாக இருக்கிற நேரம், அவளுக்கு இரவு, எங்களுக்குக் காலை. காலையில் நான் அலுவலகத்தில், தொலைபேசி மேசை லாச்சிக்குள். மச்சாளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை. நான் பின்னேரம் எடுத்தால் அங்கே விடிகிற நேரம், தங்கை பாதிக் கண்ணோடு "பிறகு கதைப்பம் அக்கா" என்பாள். நான் பல தடவை ஊசி நூலோடு ஆயத்தமாக இருந்து எடுத்தேன். "உங்கட ஓட்டை நல்ல வடிவு அக்கா. இவர் விரலை விட்டு விளையாடுறார்" என்று ஒரு நாள் சொன்னாள். பின்னால் அவள் புருசன் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்குக் காது சுட்டது.

தைப்பொங்கலுக்கு மச்சாள் தான் பொங்கின புக்கையோடு வந்தாள். பேச்சோடு பேச்சாக, "சும்மா சொல்லப்படாது அக்கா, அவ நல்லாப் பின்னுறா. என்ர சட்டையின்ர கை முழங்கை தாண்டிட்டுது" என்றாள்.

கையிலிருந்த புக்கைக் கோப்பையை மேசையில் வைத்தேன். கீழே போடாமல் வைத்ததே பெரிய காரியம். என் தங்கைக்கு ஊசி பிடிக்கப் பழக்கியாகிவிட்டது. எத்தனையோ வருசம் நான் பறித்துப் பறித்து வைத்த ஊசியை அவள் கையில் கொடுத்தது இவள். 'இந்தக் கையில நூல், இந்த விரலால இழுங்கோ' என்று அவளுக்குச் சொன்னது இவளுடைய குரல். பிள்ளை பெறுவதைச் சொல்லிக்கொடுத்தாள், பொறுத்தேன். பின்னலையும் எடுத்துக்கொண்டாள். அந்தப் பச்சைச் சட்டையை அக்குளோடு பிடித்து இழுத்துக் கழற்றவேண்டும் போல இருந்தது. நல்லவேளை, அது கனடாவில் இருந்தது.

மச்சாள் போன பிறகு என் ஊசி, நூல் எல்லாவற்றையும் அலுமாரியின் மேல் தட்டில் தூக்கிப் போட்டேன். அன்று தேத்தண்ணியைக் கணவரே போட்டார்.

மாசியில் ஒரு விடுமுறை நாள் காலை தங்கை காணொளியில் வந்தாள். மடியில் பிள்ளை. பிள்ளையின் உடம்பில் பச்சைச் சட்டை. இரண்டு கையும் முடிந்திருந்தது. வலக்கை கொஞ்சம் கோணல், மணிக்கட்டுப் பக்கம் இறுக்கம். முதல் முறை பின்னுகிறவர்களின் கை அப்படித்தான் வரும். பிள்ளை அழகாக இருந்தது. அதைச் சொன்னேன். சட்டையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு நேரம்தான் வாயைக் கட்டுவது?

"என்ர சட்டை எங்க?"

"இருக்கு."

"குப்பையிலயோ?"

"என்ன அக்கா கதைக்கிறீங்கள்?" அவள் எழுந்து போய் எடுத்து வந்தாள். மஞ்சள் சட்டை, மடிப்புக் குலையாமல். வலக்கைக் கண்ணிகள் அதே வலைநூலில், நான் கட்டின அதே முடிச்சோடு தொங்கின. தொடக்கூட இல்லை.

"ஓட்டையெண்டபடியாத் தொடேல்லையோ? சொல்லன். நேர சொல்லு. மச்சாள்ட சட்டையை முடிக்கத் தெரிஞ்சவளுக்கு இதை முடிக்கத் தெரியாதோ?" என் குரல் உடைந்துவிட்டது. "ஊசி பிடிக்கவும் அவதான் உனக்குச் சொல்லித் தரவேண்டியிருந்ததோ?"

தங்கை, சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பொய் சொல்லி அகப்பட்டால் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

"அதை முடிக்க எனக்கு ஏலும் அக்கா. முடிக்க மாட்டன். மச்சாள் கேட்டவ, அதையும் முடிப்பமோ எண்டு. வேண்டாம் எண்டிட்டன். இது அக்கா வந்து முடிக்கிறதுக்கு எண்டு சொன்னனான்."

"நான் எப்பிடி வாறது?"

"இவர் விசாவுக்கு எழுதிப் போட்டிட்டார். கடுதாசியெல்லாம் வரும். கை ஒண்டு குறையாக் கிடந்தாத்தான் நீங்கள் வருவீங்கள். உங்களை எனக்குத் தெரியாதோ? முடிஞ்ச வேலையைப் பாக்க நீங்கள் ஒரு இடமும் போகமாட்டீங்கள்."

நான் பிள்ளையைப் பார்த்தேன், சட்டையைப் பார்த்தேன். வாயில் வந்தது இதுதான்:

"அதுக்குள்ள பிள்ளை வளந்திடுமெடி. கை நீளத்தைக் கூட்டலாம், தோளைக் கூட்ட ஏலாது. கழுத்திலயிருந்து கழட்டித்தான் பின்னவேணும்."

"கழட்டிப் பின்னுங்கோ. உங்களுக்கு இங்க வேற என்ன வேலை?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு முக்கியமான கேள்வியைக் கேட்டேன்.

"மச்சாளையும் கூப்பிட்டனியோ?"

"இல்லை" என்றாள் தங்கை. "உங்களை மட்டும்தான்."

அன்று முழுக்க எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பிள்ளையைத் தூக்கப்போகிறேன் என்பதில் வந்த சந்தோசம் எவ்வளவோ, 'உங்களை மட்டும்தான்' என்பதில் வந்ததும் அவ்வளவு. கதிரையில் ஏறி அலுமாரிக்கு மேலிருந்த ஊசிகளை இறக்கினேன்.

விசா வந்தபோது கச்சான் மறுபடி தொடங்கியிருந்தது. கேள்விப்பட்டு மச்சாள் வந்தாள். இந்த முறை கேற்றடியில் சிரிப்பு இல்லை. கையில் ஒரு பெரிய பை. உள்ளே வந்து கதிரையில் இருந்து, வீதியையும் பார்க்காமல், மானையும் பார்க்காமல், தன் கையையே பார்த்தாள். பின்னுவதற்கு ஒன்றும் கொண்டுவரவில்லை.

"எப்ப அக்கா பயணம்?"

சொன்னேன்.

"என்னட்ட ஒண்டும் சொல்லேல்ல அவ" என்றாள். "இவ்வளவு நாளும் ஒவ்வொரு விடியவும் கதைச்சனாங்கள். ஒரு சொல்லுச் சொல்லேல்ல." பிறகு, "கூடப்பிறந்தவதானே. உங்களைத்தான் கூப்பிடுவா. அது சரிதானே" என்றாள்.

சரி என்று சொல்கிற முகம் அல்ல அது. எனக்கு அந்த முகத்தைத் தெரியும். ஒரு வருசமாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.

அவள் பையைத் திறந்து, நுவரெலியாவில் போட்ட தன் கம்பளிச் சட்டையை எடுத்தாள். கருநீலம், தடித்த ஊல், கழுத்திலிருந்து தொடங்கிய ராக்லன். "அங்க வெயில் காலம் எண்டாலும் விடியக் குளிரும் அக்கா. குளிரெண்டா என்னெண்டு உங்களுக்குத் தெரியாது. போட்டுப் பாருங்கோ" என்றாள்.

புழுங்குகிற மத்தியானத்தில் எழுந்து நின்று அதைப் போட்டேன். கோடுகளில் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன். பழக்கம் விடாது. ஒன்றும் இல்லை. மச்சாள் என் முன்னால் வந்து நின்று, கீழேயிருந்து பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துப் பொத்தானை மட்டும் கொஞ்சம் பலமாக இழுத்துப் பூட்டினாள். மூச்சு முட்டியது.

"இறுக்குதோ அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். "அளவு காணும். நல்ல சூடாத்தான் இருக்கு."